பட்டினியில் திறந்த கண்

சிப் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் சிக்கனம் மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினாள். லிஃப்ட் இருந்தது. லிஃப்டுக்காக நிற்கிற பொறுமை யாருக்கு இருந்தது? திருப்பத்தில் எதிரே வந்த ஒருவர் கையிலிருந்த தேநீர்க் கோப்பை மயிரிழையில் தப்பியது. அவர் திட்டியது அவள் காதில் விழுவதற்குள் அவள் அடுத்த மாடியில் இருந்தாள்.

சிக்கனம் என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். குளியலறை விளக்கை அணைக்க மாட்டாள், குழாயை இறுக்கி மூட மாட்டாள், ஒரு தலையணை உறை வாங்கக் கடைக்குப் போனால் கட்டிலோடு திரும்பி வருவாள். ஆனால் சர்க்யூட் போட உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. ஒரு துளி மின்சாரம் வீணாகப் போனாலும் தன் கையிலிருந்து ரத்தம் போகிற மாதிரி துடிப்பாள். இந்த டிரான்சிஸ்டருக்கு இவ்வளவு போதும், அதற்கு அதுகூட அதிகம் என்று ஒவ்வொன்றின் தட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிடுவாள்.

அவள் வேலை ஒன்றும் புரியாத சங்கதி இல்லை. ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குச் செய்தி போக வேண்டும் என்றால் இரண்டு கம்பிகளை ஜோடியாக இழுப்பார்கள். ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும். பூங்காவில் ஏற்றப்பலகையில் இரண்டு பிள்ளைகள் மாறி மாறி ஏறி இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். பிள்ளைகள் எவ்வளவு குதித்தாலும் நடுவில் இருக்கிற அச்சு அசையக்கூடாது. அசைந்தால் மறுமுனையில் வாங்கிக்கொள்பவன் குழம்பிப்போவான். அந்த நடுமட்டத்தைப் பிடித்து நிறுத்த ஒரு காவல்காரன் வேண்டும்.

எல்லோருடைய சர்க்யூட்டிலும் இருக்கிற காவல்காரன் எந்நேரமும் விழித்திருப்பான், எந்நேரமும் தின்றுகொண்டிருப்பான். சிக்கனத்துக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. அவள் வைத்த காவல்காரன் தூங்குவான். நடுமட்டம் எல்லையைத் தாண்டினால் மட்டும் எழுந்து, ஒரு இழு இழுத்து அதன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, மறுபடி படுத்துவிடுவான். சம்பளம் எழுந்த நேரத்துக்கு மட்டும்தான். இந்த யோசனை அவளுக்குத் தோன்றிய அன்று சந்தோஷத்தில் கணவனைக் கட்டிப்பிடித்தாள். கணவன் நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவன். கையில் ஈர நாய் ஒன்றைப் பிடித்திருந்ததால் மூவருமாகக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

யாருக்கு வேண்டும் இந்தச் சிப்? தொண்டை வழியாக மெல்லிய குழாயை விட்டு வயிற்றைப் பார்க்கிறார்களே, அந்தக் குழாய் செய்கிறவர்களுக்கு. குழாயின் நுனியில் அரிசி அளவு கேமரா. அதன் பக்கத்திலேயே படத்தை வெளியே அனுப்ப ஒரு சிப். அது மின்சாரத்தைத் தின்று சூடானால் சுடப்போவது ஒரு மனிதனின் குடல். பயந்துபோய் மின்சாரத்தைக் குறைத்தால் படம் ஆடும், வைத்தியர் புண் எது நிழல் எது என்று தெரியாமல் முழிப்பார்.

சிக்கனத்தின் முதல் சிப் சுட்டது. இரண்டாவது ஆடியது. மூன்றாவதுதான் இன்று வந்திருக்கிறது. இதன் வரைபடத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பும்போதே அவள் பிரிவின் தலைவர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தண்ணீரெல்லாம் கொடுத்து, ரொம்பப் பிரியமாகச் சொல்லியிருந்தார்.

"இதுவும் நிக்கலேன்னா பழைய சர்க்யூட்டையே போட்டு ஒப்பேத்திடலாம்மா. நீ கையேடு எழுதற பிரிவுக்குப் போயிடு. உனக்கு எழுத்து நல்லா வரும்."

மற்றவர்கள் செய்த சிப்பை எப்படிப் பொருத்துவது, எந்தக் காலில் எந்தக் கம்பி என்று புத்தகம் எழுதுவது. அடுத்த வீட்டுக் கல்யாணங்களுக்கெல்லாம் ஆயுசு முழுக்க பத்திரிகை எழுதிக்கொண்டிருக்கிற பிழைப்பு. சர்க்யூட் வரைவதைத் தவிர வேறு எதிலும் தனக்குச் சந்தோஷம் கிடையாது என்பது சிக்கனத்துக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் முழுசாகத் தெரிந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு, "சரி சார்" என்று வந்துவிட்டாள்.

அந்தத் தலைவரை எல்லோரும் 'உடனே சார்' என்பார்கள். அவருக்கு எதுவும் நாளைக்கு என்று கிடையாது. உடனே பண்ணிடலாம், உடனே அனுப்பிடலாம், உடனே சொல்லிடலாம். நல்ல மனிதர். வாயையும் காலையும் மட்டும் யாராவது பிடித்து வைத்துக்கொண்டால் தேவலை.

சோதனைக்கூடம் நாத்தனாரின் ராஜ்யம். ஆமாம், சிக்கனத்தின் கணவனுக்கு அக்காதான் அங்கே தலைமை. எந்தச் சிப் வந்தாலும் அதை மேசையில் போட்டு, சூடாக்கி, குளிர்வித்து, அழுத்தத்தை ஏற்றி இறக்கி, அதில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது அவள் உத்தியோகம். வீட்டில் குறை கண்டுபிடிக்கிற நாத்தனார் ஊருக்கு ஊர் உண்டு. அதற்கு மாசாமாசம் சம்பளம் வாங்குகிற நாத்தனார் சிக்கனத்துக்கு மட்டும்தான் வாய்த்திருந்தாள். சிக்கனத்தைத் தம்பிக்குப் பார்த்ததும் அவளேதான். "இவ சர்க்யூட்ல என்னால குத்தம் கண்டுபிடிக்க முடியாத ஒரு நாள் இருந்துச்சு. அன்னிக்குப் போய் அவசரப்பட்டுட்டேன்" என்று எல்லோரிடமும் சொல்வாள்.

"வந்துட்டியா? மூச்சு வாங்கு முதல்ல" என்றாள் நாத்தனார், நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல். "சிப்பு எங்கேயும் ஓடிடாது. நான் சர்க்யூட் பலகையில ஈயம் உருக்கிப் பத்த வெச்சுட்டேன். கால் எதுவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டலை. இதுவரைக்கும் குறை இல்ல."

"அப்ப கரண்ட் குடுத்துப் பாக்கலாமா அக்கா?"

"சாப்பிட்டுட்டு வா. எனக்கு ஒரு கூட்டம் இருக்கு. நான் வந்தப்புறம் ரெண்டு பேருமாப் போடலாம். தனியா எதையும் தொட்டு வெக்காதே."

தொட்டு வைக்காதே என்றால் சிக்கனம் கேட்கிற ஆளா? சாப்பிடப் போகுமுன்பே ஒரு தரம் தொட்டாள். அதுவும் நல்லதுக்குத்தான். பலகையில் சிப்புக்கு மின்சாரம் போகிற வழியில் இரண்டு ஊசிகள் நிற்கும். அந்த இரண்டையும் சேர்த்து மாட்டுகிற ஒரு கறுப்புத் தொப்பி, அரைப் பயறு அளவுக்கு, ஜம்பர் என்பார்கள். அதை எடுத்துவிட்டால் வழி அறுந்துவிடும். முதல் சிப்பை யாரோ மின்சாரத்தோடு விட்டுப் போய்க் கருக்கிவிட்ட நாளிலிருந்து, பலகையை விட்டு நகர்ந்தாலே ஜம்பரைக் கழற்றி மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் போட்டுவிடுவது அவள் வழக்கம். கை தன்பாட்டில் செய்துவிடும். மனசுக்குச் சொல்லிக்கொள்ளாது.

கீரைச் சாதத்தை அவசரமாக இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். பாதியில் எழுந்து வந்துவிட்டாள். கூட்டம் முடிந்து நாத்தனார் இன்னும் வரவில்லை. குளிரூட்டி உறுமிக்கொண்டிருந்தது, ஈய வாசனை இன்னும் காற்றில் இருந்தது, பலகை நீல விரிப்பின் மேல் பச்சைக் குழந்தை மாதிரி படுத்திருந்தது. எவ்வளவு நேரம்தான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது? உடம்பிலிருக்கிற மின்னேற்றம் சிப்பில் பாயாமல் தரைக்குப் போக, மணிக்கட்டில் கம்பி வைத்த பட்டையை மாட்டிக்கொண்டாள். மின்சாரம் கொடுக்கிற பெட்டியைப் போட்டாள். சிப்புக்குள் செய்தி அனுப்புகிற கருவியைப் போட்டாள். அலைகளை வரைந்து காட்டுகிற ஸ்கோப்பின் திரையைப் பார்க்கப் பயந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்த்தாள்.

திரையில் கண் திறந்திருந்தது.

கண் என்றுதான் இந்தத் தொழிலில் சொல்வார்கள். சிப் அனுப்புகிற அலைகளையெல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் நடுவில் ஓர் இடைவெளி, கண் வடிவத்தில் தெரியும். அலை ஆடினால் இடைவெளி அடைத்துப்போகும். ஆடாமல் நின்றால் விரியத் திறந்திருக்கும். இப்போது திரையில் இருந்த கண்ணுக்கு மை தீட்டிப் பொட்டு வைக்கலாம் போல இருந்தது. சிக்கனம் கரண்ட் மீட்டரைப் பார்த்தாள். பூஜ்யம். தட்டிப் பார்த்தாள். கடைசி இலக்கம் ஒரு துடி துடித்துவிட்டு மறுபடி பூஜ்யம்.

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வாடிக்கையாளர் கேட்டது ஒரு மில்லி ஆம்பியருக்குள். அவள் கனவு கண்டது அதில் முக்கால். இதுவோ இருக்கிற இடமே தெரியவில்லை. மீட்டருக்குத் தெரியாத அளவுக்கு ஒரு காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டாளா? கையிலே பட்டையும் பட்டையிலே கம்பியும் இருந்ததால் கம்பி விட்ட தூரம் வரைக்கும் முன்னாலும் பின்னாலும் ஆடினாள். ஒரு நாற்காலியைச் சுற்றிவிட்டாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த உடனே சார் அதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஆடாம நின்னுடுச்சு சார். பாருங்க. கரண்ட் பூஜ்யம்."

உடனே சாருக்கு வாயெல்லாம் பல். மீட்டரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், சிக்கனத்தின் தலையில் ஆசீர்வாதம் மாதிரி ஒரு தட்டுத் தட்டினார். "குழாய் செய்யற கம்பெனியோட கேமராக்கார அம்மா கீழதான் உட்கார்ந்திருக்காங்க. வேற விஷயமா வந்தாங்க. உடனே கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லும்போதே அவர் பாதி வராந்தாவைத் தாண்டியிருந்தார். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்ல சிக்கனத்துக்குத் தோன்றவேயில்லை. அவள் அப்போது ஆகாயத்தில் இருந்தாள்.

அவர் போன வாசலில் நாத்தனார் வந்தாள். வந்தவள் திரையைப் பார்த்து, "அட" என்றாள். அவள் வாயில் அந்தச் சொல் வருவது அபூர்வம். அடுத்தாற்போல் மீட்டரைப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"பூஜ்யமா?"

"பூஜ்யம் அக்கா. மூக்குல விரலை வெச்சுக்கோங்க."

"மூக்குல வெக்கறது இருக்கட்டும். பூஜ்யம் காட்டற மீட்டரை நான் என் சர்வீஸ்ல நம்பினதே இல்ல. ஒண்ணு சிப்பு செத்திருக்கணும், இல்ல மீட்டர் பொய் சொல்லணும். செத்த சிப்பு கண்ணைத் திறக்காது." நாத்தனார் குனிந்தாள். பெட்டியிலிருந்து வந்த கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். மீட்டருக்கு வந்தாள், மீட்டரிலிருந்து பலகைக்கு வந்தாள், இரண்டு ஊசிகளுக்கு முன்னால் நின்றாள். ஊசிகள் மொட்டையாக நின்றன.

"ஜம்பர் எங்கே?"

 சிக்கனத்தின் கை மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் தேடிப் போயிற்று. பெட்டிக்குள் அந்தக் கறுப்புத் தொப்பி ஒன்றும் தெரியாத சாது மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அப்ப இது எதுல ஓடுது?" என்றாள் சிக்கனம்.

எதில் ஓடுகிறது என்று கேட்கும்போதே இருவருக்கும் புரிந்துவிட்டது. சிப்பின் வாசலில், வெளியிலிருந்து அதிர்ச்சி எதுவும் வந்தால் தாங்கிக்கொள்ள ஒரு பாதுகாப்பு வழி வைப்பார்கள். மின்சாரம் வராமல் போகவே, உள்ளே வருகிற செய்தியிலிருந்தே அந்த வழியாகக் கொஞ்சம் உறிஞ்சி, சிப் தன் வயிற்றை நனைத்துக்கொண்டிருக்கிறது. சோறு போடாத வீட்டில் பிள்ளை பக்கத்து வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, அம்மாவுக்குச் செலவே இல்லை என்று பெயர் வாங்கிக் கொடுத்தது.

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். சிக்கனத்துக்கு அழுகைதான் வந்திருக்க வேண்டும். ஆனால் நாத்தனார் சிரிப்பது ஒட்டுவாரொட்டி. அவளும் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சமயத்தில்தான் வராந்தாவில் உடனே சாரின் குரல் கேட்டது: "பூஜ்யம்மா, நம்ப மாட்டீங்க, சுத்தமா பூஜ்யம்."

சிரிப்பு இருவருக்கும் ஒரே நேரத்தில் நின்றது.

"நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள் நாத்தனார் மெதுவாக.

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஜம்பரைப் பெட்டிக்குள்ளேயே விட்டுவிட்டால் என்ன என்று சிக்கனத்துக்குத் தோன்றியது. திரையில் கண் திறந்திருக்கிறது. மீட்டரில் பூஜ்யம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகிவிடும். கையேட்டுப் பிரிவு ஓடிப்போகும். ஆனால் யாரோ ஒருவருடைய தொண்டைக்குள் இது போகும்போது, கேமராவின் சாப்பாட்டைத் திருடித் தின்றுகொண்டு போகும். "நானே சொல்றேன்" என்றாள்.

கேமராக்கார அம்மா உள்ளே வந்தார். நரைத்த கிராப்பு, கையில் ஒரு சின்னத் தோல் பெட்டி, எதையும் இரண்டு தரம் பார்க்கிற கண். உடனே சார் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்கம்மா. ஆனா ஒரு விஷயம்" என்றாள் சிக்கனம். "சார் பூஜ்யம்னு சொன்னாரு இல்லையா, அது நிஜம் இல்ல. நான் கரண்டே குடுக்கலை. இதை மாட்ட மறந்துட்டேன்." ஜம்பரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "அது சிக்னல்லேர்ந்து திருடிச் சாப்பிட்டுட்டு இருந்திருக்கு."

உடனே சாரின் முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. கேமராக்கார அம்மா ஜம்பரைப் பார்த்தார், சிக்கனத்தைப் பார்த்தார். "சரி, மாட்டுங்க" என்றார்.

மாட்டினாள். அவசரத்தில் ஜம்பர் ஒரு ஊசியில் மட்டும் ஏறியது. நாத்தனார் தன் கையை அவள் கைமேல் வைத்து அழுத்தினாள். சிப்புக்கு முதல் தரமாக முறையான சாப்பாடு போயிற்று.

கண் மூடிக்கொண்டது.

மூடிக்கொண்டது என்றால் அரைகுறையாக அல்ல. திரை முழுக்க மூட்டம். மீட்டர் பூஜ்யத்திலிருந்து எகிறி ஒரு மில்லியைத் தாண்டிப் போய் உட்கார்ந்தது.  உடனே சார் எல்லோரையும் ஒரு தரம் பார்த்தார்.

"அதைக் கழட்டிடும்மா" என்றார் கெஞ்சலாக. "அது இல்லாம நல்லாத்தானே இருந்துச்சு."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். கேமராக்கார அம்மாவின் உதடுகூட ஓரத்தில் துடித்தது. சிக்கனம் சிரிக்கவில்லை. அந்த வார்த்தையிலேயே நின்றுவிட்டாள். இல்லாமல் நன்றாக இருந்தது. சரிதான். ஏன் நன்றாக இருந்தது? பட்டினி போட்டால் சாது, சோறு போட்டால் ரகளை. அப்படிப்பட்ட பிள்ளையை யார் பெற்றது?

ஜம்பரைக் கழற்றினாள். கண் திறந்தது. மாட்டினாள். மூடியது. மறுபடி கழற்றினாள், திறந்தது.

"என்ன விளையாட்டு இது" என்று முனகினார் உடனே சார்.

"இருங்க சார். அக்கா, நடுமட்டத்தை மட்டும் தனியாக் காட்டுங்க."

நாத்தனார் ஸ்கோப்பின் கம்பியை மாற்றினாள். ஜம்பர் மாட்டிய நிலையில் நடுமட்டம் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டிருந்தது. தானாகத் துள்ளவில்லை. காவல்காரன் ஒரு பக்கம் இழுக்கிறான், இழுத்த வேகத்தில் மட்டம் மறுபக்கம் போய்விடுகிறது, திடுக்கிட்டு எழுந்து அந்தப் பக்கம் இழுக்கிறான், மறுபடி இந்தப் பக்கம். அவன் தூங்கவே இல்லை. தன் பலம் தனக்கே தெரியாமல் தானே கலாட்டா பண்ணிக்கொண்டு தானே ஓடி ஓடிப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பட்டினி கிடந்தபோது அவனிடம் அவ்வளவு பலம் இல்லை. மெல்ல ஒரு இழு இழுத்தான், மட்டம் அதன் இடத்தில் நின்றது, படுத்துவிட்டான்.

சிக்கனத்துக்கு முகம் சூடாயிற்று. அவனுக்கு அந்தப் பலத்தைக் கொடுத்தது அவள்தான். இரண்டாவது சிப் ஆடியதிலிருந்து அவளுக்குப் பயம். இதுவும் ஆடிவிட்டால் என்ன செய்வது என்று கடைசி வாரத்தில் யாருக்கும் சொல்லாமல் காவல்காரனின் கையைப் பெரிதாக்கிவிட்டாள். கூடக் கொஞ்சம் இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஊட்டினாள். ஆயுசு முழுக்கச் சிக்கனம் என்று பெயர் வாங்கியவள், சிக்கனமாக இருக்க வேண்டிய ஒரே இடத்தில் வாரி இறைத்திருக்கிறாள்.

"நான் பயந்துட்டேன்" என்றாள் சத்தமாக. யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "பயந்துபோய் அதிகமாப் போட்டுட்டேன். இதுக்கு இவ்வளவு வோல்ட் வேண்டாம். குறைச்சுக் குடுத்தாப் போதும்." கேமராக்கார அம்மாவிடம் திரும்பினாள். "உங்க குழாயில இதுக்கு வர்ற வோல்ட்டைக் குறைக்க முடியுமா?"

"குறைக்கறதா? நீங்க எவ்வளவு குறைச்சுக் கேட்டாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்" என்றார் அந்த அம்மா. "கூட்டிக் கேக்கறவங்களைத்தான் இதுவரைக்கும் பாத்திருக்கேன்."

ஜம்பர் ஊசிகளில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, மின்சாரப் பெட்டியின் குமிழைச் சிக்கனம் பிடித்தாள். மெல்லத் திருகினாள். திரையில் மூட்டம் அப்படியேதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் திருகினாள். மூட்டம். உடனே சார் நகத்தைக் கடிக்கிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம். மூட்டத்தின் நடுவில் ஒரு கீறல் விழுந்தது. கீறல் பிளந்தது, பிளந்தது விரிந்தது, யாரோ தூங்கி எழுந்து சோம்பல் முறித்துவிட்டுப் பார்க்கிற மாதிரி கண் திறந்தது. மீட்டரின் எண்கள் சரசரவென்று இறங்கி, ஒரு மில்லிக்கு வெகு கீழே, அரைக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றன. பூஜ்யம் அல்ல. நேர்மையாகச் சம்பாதித்த ஒரு எண்.

"உடனே கையெழுத்து..." என்று ஆரம்பித்தார் உடனே சார்.

"சும்மா இருங்க சார்" என்றாள் நாத்தனார். "இது ஒரு பேச்சா? உடம்புக்குள்ள போற சாமான். சூடாக்கிப் பாக்காம என் மேசையை விட்டு எதுவும் எழுந்திருக்காது."

சிக்கனத்துக்கு அவளைக் கொன்றுவிடலாம் போல இருந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தடவை, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? ஆனால் நாத்தனார் அதற்குள் வெந்நீர்ப்பையை எடுக்கிற மாதிரி சூட்டுக் குழலை எடுத்து, சிப்பின் மேல் பிடித்துவிட்டாள். காய்ச்சல்காரன் உடம்பு அளவுக்குச் சூடு ஏறியது. கண் அசையவில்லை. அதற்கும் மேலே ஏற்றினாள். கண் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் மூடவில்லை. நாத்தனார் வோல்ட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள், நீளமான கம்பியை மாட்டினாள், கம்பியைக் கையால் பிடித்து உலுக்கினாள். குறை கிடைக்கவில்லை. வீட்டுக்குள் ஒளிந்திருக்கிற திருடனைத் தேடுகிற மாதிரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். அப்போதும் கிடைக்கவில்லை.

குழலை அணைத்துவிட்டுத் தள்ளி நின்றாள். "கிடைக்கலை" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். 

கேமராக்கார அம்மா எழுந்தார். தோல் பெட்டியைத் திறந்தார். உள்ளே பஞ்சு மெத்தையில் முடியைவிடக் கொஞ்சமே தடிமனான கம்பிகளோடு ஒரு கேமரா, அரிசி அளவு. "உங்க கருவி அனுப்பற செய்தியை நான் நம்பறேன்" என்றார். "இருந்தாலும் எனக்கு என் கேமராவோட படம் தெரியணும். இதை மாட்டுங்க."

நாத்தனாரே நுண்ணோக்கியின் கீழ் வைத்து மாட்டினாள்.  மறுமுனையை ஒரு பெரிய திரையோடு சேர்த்தார்கள். நீளக் கம்பி மேசையைச் சுற்றி, நாற்காலியைச் சுற்றி, தரையில் வளைந்து போயிற்று. கேமராக்கார அம்மா அந்த அரிசியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கி, வேறு எதைக் காட்டுவது என்று தெரியாமல், எதிரே நின்றவளின் முகத்துக்கு நேரே காட்டினார்.

திரை முழுக்கச் சிக்கனம். அவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு பெரிதாக அவளை யாரும் பார்த்ததில்லை. வாய் பிளந்திருந்தது, கன்னம் சிவந்திருந்தது, இமை மயிர் ஒவ்வொன்றாக எண்ணலாம். ஒரு கோடு இல்லை, ஒரு புள்ளி இல்லை, ஒரு நடுக்கம் இல்லை. அவள் வரைந்த சர்க்யூட் வழியாக, அவள் கொடுத்த அந்தத் துளி மின்சாரத்தில், அவள் முகமே அவளைத் தேடி வந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு பொங்கியது. திரையில் இருந்தவளும் பொங்கிப் பொங்கிச் சிரித்தாள்.

உடனே சார் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டார். கேமராக்கார அம்மா படத்தையே பார்த்துக்கொண்டு, "பேப்பரைக் கொண்டாங்க" என்றார்.

நாத்தனார் திரைக்குப் பக்கத்தில் போனாள். கண்ணாடியை மூக்கில் இறக்கி, படத்தை மேலிருந்து கீழே ஒரு மூலை விடாமல் பார்த்தாள். எங்கேயோ ஓரிடத்தில் பார்வை நின்றது. சிக்கனத்துக்குத் திக்கென்றது. நாத்தனார் திரும்பி அவளைப் பார்த்தாள். கண் ரெண்டும் நனைந்திருந்தது.

"முன்பல்லுல கீரை ஒட்டியிருக்கு பாரு" என்றாள்.

அதைவிட நல்ல வார்த்தையை யாரும் சிக்கனத்திடம் சொன்னதில்லை. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. கேமராக்கார அம்மா ஒரு கையில் கேமராவை நீட்டிப் பிடித்தபடியே மறு கையால் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் அவள் வாயை மூடவே இல்லை, திரையில் அந்தக் கீரைத் துணுக்கு ஆடாமல் அசையாமல் நின்றது.